விலை பேசி முடித்த வீட்டை மற்றவருக்குக் காட்டலாமா?



வீடு விற்பது நம் குடும்பங்களில் அடிக்கடி நடைபெறும் காரியமன்று. குமர் காரியம், மருத்துவச் செலவு, கடன் தீர்த்தல், பாகப் பிரிவினை என்று ஏதேனும் ஒரு தேவை நெருக்கினாலன்றி, வாழ்ந்த வீட்டை விற்க எவருக்கும் மனம் ஒப்புவதில்லை. அவ்வாறு விற்க முற்படுகிறீர்கள். ஒருவர் வந்து வீட்டைப் பார்க்கிறார், விலை பேசுகிறார், நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள், முன்பணமாக ஒரு தொகையும் கைமாறுகிறது. மறுவாரமே தரகர் மற்றொருவரை அழைத்து வந்து வாசலில் நிற்கிறார். "சும்மா பார்த்துவிட்டுப் போகட்டுமே, பார்ப்பதற்குக் காசா பணமா?" என்கிறார். கதவைத் திறப்பதா, மூடுவதா?

சிறிய கேள்வியாகத் தோன்றினும், ஒருவரின் வாக்கும் மற்றொருவரின் வாழ்நாள் சேமிப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

இரு தரப்பின் அச்சம்

விற்பவரின் அச்சத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். மகளின் நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. வாங்க வந்தவரோ வங்கிக் கடனை நம்பியிருக்கிறார். கடன் கிடைக்காமல் அவர் பின்வாங்கினால், அதற்குள் வந்த மற்றவர்களையும் திருப்பி அனுப்பியிருந்தால், கையில் வீடு மட்டுமே மிஞ்சும், பணம் இராது. ஆகவே, "இன்னும் இரண்டு பேருக்குக் காட்டி வைத்தால் என்ன?" என்று அவர் எண்ணுவதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது.

வாங்குபவரின் நிலையையும் எண்ணுங்கள். வீடு தமக்கென்று முடிந்துவிட்டது என்னும் நம்பிக்கையில், அவர் மனைவியின் நகைகளை விற்கிறார். பல ஆண்டுகள் சபர் சென்று சேர்த்த பணத்தைத் திரட்டுகிறார். பார்த்து வைத்திருந்த வேறு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அந்த வேளையில், தாம் பேசிய வீட்டுக்குள் வேறொரு குடும்பம் நின்று அறைகளை அளந்து பார்ப்பதை அவர் கண்டால், அந்த மனம் என்ன பாடுபடும்?

இரு அச்சங்களும் நியாயமானவையே. இவ்விரண்டுக்கும் இடையே நம் மார்க்கம் தெளிவான கோடு ஒன்றை வரைந்திருக்கிறது.

மார்க்கம் வகுத்த எல்லை

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மீது மற்றொருவர் வியாபாரம் செய்வதையும், ஒருவர் பெண் பேசியிருக்கும் இடத்தில் மற்றொருவர் பெண் கேட்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. திருமணப் பேச்சைப் பற்றிய அறிவிப்பில் இரண்டு விதிவிலக்குகளும் கூறப்பட்டுள்ளன. முதலில் பேசியவர் தாமே விலகிக்கொள்ள வேண்டும். அல்லது அவர் அனுமதி தர வேண்டும். பேசி முடித்த பெண்ணை மற்றொரு வீட்டாருக்குக் காட்டுவதை நம்மில் எவரும் ஒப்பமாட்டோம். அந்த நாணம் வீட்டு விற்பனையிலும் நமக்கு வேண்டாமா?

இதனால், முதலில் வந்தவருக்கே விற்றாக வேண்டும் என்று பொருளாகாது. தடை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். விலை பேசிக்கொண்டிருக்கும் வரை, எவரும் வரலாம். கூடுதல் விலையும் கேட்கலாம். ஏழைத் தோழர் ஒருவருக்காக நபி (ஸல்) அவர்களே ஒரு விரிப்பையும் ஒரு கிண்ணத்தையும் ஏலம் விட்டதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். இரு தரப்பும் ஒரு விலைக்கு மனமொப்பி நின்ற பிறகே பிறர் குறுக்கிடுவது தடையாகிறது. ஆகவே, "எப்போது நான் ஒப்புக்கொண்டேன்?" என்பதே நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி.

"பார்க்கட்டுமே" என்று அனுமதிக்கும்போது வேறொரு தீங்கும் நுழைகிறது. வாங்கும் எண்ணமே இல்லாதவரை அழைத்து வந்து, கூடுதல் விலை கேட்கச் செய்து, முதலில் பேசியவரை மிரட்டி மேலும் பணம் வாங்கும் தந்திரம் சிலரிடம் உண்டு. மார்க்கச் சட்டத்தில் இதற்கு "நஜ்ஷ்" என்று பெயர். இதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

கூடுதல் விலையை மறுத்த நபித்தோழர் ஒருவரின் வரலாறு புகாரியில் இருக்கிறது. அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர் ஸஅத் (ரலி) அவர்களிடமே கேட்டார். ஸஅத் (ரலி) தர முன்வந்தது 4,000 திர்ஹம், அதுவும் தவணையில். வெளியாரோ 500 தீனார் தர ஆயத்தமாக இருந்தனர். ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டாலும் அது 5,000 திர்ஹம். ஆயினும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை நினைவுகூர்ந்து, குறைந்த விலைக்கே அவர் கொடுத்தார். இது அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிய செய்தியே. எனினும், வரும் ஆயிரங்களைவிட மேலான கணக்கு ஒன்று முஃமினுக்கு உண்டு என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

முன்பணமும் தவணையும்

வாக்கைக் காப்பது விற்பவரின் கடமை. அப்படியானால், வாங்குபவர் இழுத்தடித்தால் விற்பவர் என்றென்றும் கதவை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை.

வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே சேரும் என்னும் நிபந்தனையுடன் செய்யும் வியாபாரத்தை "அர்பூன்" என்பர். ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பான்மையோர் இதனை ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அனுமதித்தார்கள். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் ஒரு வீட்டு வியாபாரமே. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மக்காவில் ஆளுநராயிருந்த நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ் (ரலி), சிறைச்சாலைக்கென ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்களின் வீட்டை விலை பேசினார். உமர் (ரலி) சம்மதித்தால் வியாபாரம் நிறைவேறும். இல்லையேல் ஸஃப்வான் (ரலி) அவர்களுக்குக் குறித்த ஒரு தொகை சேரும் என்பது அங்கே நிபந்தனையாக இருந்தது.

1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அர்பூனை அனுமதித்தது. ஆனால், காத்திருக்கும் காலம் இவ்வளவு என்று வரையறுக்கப்பட வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. நீங்கள் பின்பற்றும் மத்ஹபின்படி முன்பணத்தை வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தர வேண்டுமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்த பின்னர் கேட்கும் ஃபத்வாவில் நம் நஃப்ஸின் விருப்பம் எளிதில் கலந்துவிடும்.

முன்பணம் பற்றிய கருத்து எதுவாயினும், காலவரையறை நம் கண்ணில் பட வேண்டிய செய்தி. தவணை இல்லாத வாக்கு, கொடுத்தவரைச் சிறைப்படுத்துகிறது. தவணை உள்ள வாக்கோ இருவரையும் காக்கிறது.

நாட்டுச் சட்டம் சொல்வது

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, கிரய ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் உரிமை எதையும் உண்டாக்குவதில்லை. கிரயப் பத்திரம் பதிவானால்தான் வீடு கைமாறுகிறது. இதைக் கேட்டவுடன் சிலர், "அப்படியானால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமே" என்று துணிந்துவிடுகின்றனர். அது தவறு. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருமாறு வாங்குபவர் நீதிமன்றத்தை நாட முடியும். அதற்கு அவருக்கு 3 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, இவ்வழக்குகளில் நீதிமன்றம் தன் விருப்புரிமையால் மறுப்பதற்கான இடம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். எனவே, இரண்டாவதாக வாங்குபவர், "எனக்குத் தெரியாது" என்று பின்னர் கூற இயலாது. முதல் ஒப்பந்தத்தை அறிந்தே வாங்கியவரை அச்சட்டம் காப்பதில்லை. இரண்டு பேரிடம் முன்பணம் பெற்ற வீடு நீதிமன்றத்தில் சிக்கினால், மகளின் நிக்காஹ்வுக்கென்று விற்ற வீடு பேரனின் காலம் வரை வழக்கிலேயே கிடக்கலாம்.

வாங்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மதுரையிலுள்ள வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978இல் எழுதிய ஒப்பந்தம். விலை 60,000 ரூபாய். முன்பணம் 5,000 ரூபாய். தவணை ஆறு மாதம். வாங்க வந்தவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டு வழக்கில் இறங்கினார். அதற்குள் விலை பன்மடங்கு ஏறியிருந்தது. சிறு முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவணையைப் பொருட்படுத்தாதவருக்கு வீட்டைப் பெற்றுத் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. அத்தீர்ப்பு 2018 திருத்தத்துக்கு முந்தியதே. ஆயினும், தாம் வாங்குவதற்கு ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனை இன்றும் உண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஆயத்தமாகுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வாப்பா விட்டுச் சென்ற வீடாயின், சகோதரிகள் உட்பட வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் பெற்றுவிடுங்கள். பேசி முடித்த பின்னர் முறியும் வியாபாரங்கள் பல, கேட்கப்படாத ஒரு சகோதரியின் கையொப்பத்தால்தான் முறிகின்றன.

அதுவரை வீட்டை எத்தனை பேருக்கும் காட்டுங்கள். ஆனால், "இன்னும் எவருக்கும் முடிவு சொல்லவில்லை" என்பதை ஒவ்வொருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்டதும் தவணையை எழுதுங்கள். பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டவும், வங்கிக் கடன் கிடைக்குமா என்று அறியவும் முதலில் ஒரு குறுகிய கெடு. பின்னர் முழுப் பணத்தையும் செலுத்திக் கிரயம் முடிக்க ஒரு நாள். இரண்டையும் எழுத்தில் கொண்டு வாருங்கள். கொடுக்கல் வாங்கலைத் தவணையிட்டு எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) நமக்குக் கற்பித்திருக்கிறது. முன்பணத்தை வங்கி மூலமே பெறுங்கள். சொத்து விற்பனைக்கென 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துள்ளது. பெற்ற தொகையை உடனே செலவழித்துவிடாதீர்கள். கிரயம் முடியும் வரை அதனை அமானத்தைப் போலப் பேணினால், திருப்பித் தர நேர்ந்தாலும் தலைகுனிய வேண்டியிராது.

பிறகு கதவை மூடுங்கள். தரகரிடம் சொல்லிவிடுங்கள், விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் விலக்கிக்கொள்ளுங்கள். தேடி வருபவரிடம், "ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டோம், அது நடைபெறாவிட்டால் தங்களுக்குச் சொல்கிறோம்" என்று கூறி, அவருடைய முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் விலை பேசவும் வேண்டாம். முன்பணம் பெறவும் வேண்டாம்.

உங்கள் நெருக்கடி பெரிது. வீட்டைத் தொடர்ந்து காட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழியுண்டு. முதலில் பேசியவரிடமே அதைச் சொல்லுங்கள். "கடன் உறுதியாகும் நாள் வரை மற்றவர்களுக்கும் காட்டுவேன்" என்று ஒப்பந்தத்திலேயே அவருடைய சம்மதத்துடன் எழுதிவிடுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் தடை நீங்குகிறது. மறைத்துக் காட்டுவது துரோகம். சொல்லிக் காட்டுவது நிபந்தனை.

தவணை கடந்தும் அவர் வரவில்லையா? எழுத்து மூலம் அறிவித்து, இறுதியாக ஒரு கெடு கொடுங்கள். அதற்குப் பிறகும் இயலாதெனில், இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தை ரத்துச் செய்து, அந்த ரத்தையும் பதிவு செய்துவிட்டுப் புதியவருக்குக் கதவைத் திறங்கள். அப்போது உங்கள் மீது எவருக்கும் ஹக் இராது.

அன்பர்களே! விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளை மறைக்காதிருந்தால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், பொய்யுரைத்து மறைத்தால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கூடுதலாக வரும் ஒரு லட்சம் சில மாதங்களில் செலவாகிவிடும். "வாக்குத் தவறியவர்" என்னும் பெயரோ நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்தாகிவிடும். விற்ற வீட்டிலிருந்து வெளியேறும் நாளில், அந்த வீட்டில் குடியேறுபவர் மனநிறைவோடு நமக்காகத் துஆச் செய்ய வேண்டும். அத்தகைய நேரிய கொடுக்கல் வாங்கலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.