அறுவை அரங்கில் நோயாளிக்கு என்ன உடை?

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் எழுவர் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தங்கள் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம் ஒன்று, சில நாள்களிலேயே தில்லி வரை எட்டி நாடு முழுவதும் விவாதப் பொருளானது. அறுவை சிகிச்சை அரங்கினுள் ஹிஜாப் அணிய அனுமதி இல்லாததால், அதற்கு மாற்றாக முழுக்கை மேற்சட்டையும், தலையையும் கழுத்தையும் மறைக்கும் தலையுறையும் அணிய அனுமதிக்க வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

முழங்கை வரை கைகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே அரங்கில் பணி தொடங்க முடியும் என்பதை மாணவியருக்கு விளக்கிய முதல்வர் டாக்டர் லினெட் மோரிஸ், அறுவை சிகிச்சை நிபுணர்களும் தொற்றுத் தடுப்பு வல்லுநர்களும் அடங்கிய குழு இதனை ஆராயும் என்று அறிவித்தார். அரங்கில் நோயாளியே முதன்மையானவர், உலகம் முழுவதும் பின்பற்றப்படும் நெறிமுறையை மாற்றலாகாது என்று இந்திய மருத்துவ சங்கத்தின் கேரளக் கிளை கருத்துத் தெரிவித்தது. தொலைக்காட்சிகளில் மத உரிமை ஒருபுறமும் தொற்றுத் தடுப்பு மறுபுறமுமாக வாதங்கள் நீண்டன.

நோயாளியே முதன்மையானவர் என்று ஒப்புக்கொண்ட அந்த விவாதம் பெரும்பாலும் மருத்துவரின் உடையைச் சுற்றியே நின்றுவிட்டது. மேசையில் படுத்திருப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எழவில்லை. உடை என்பது மானத்தோடு பிணைந்தது என்பதைத் திருவிதாங்கூர் மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து மன்னர் உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டது 1859-இல்தான்.

தமிழக வாசகர்களுக்கும் இது அயல் மாநிலத்துச் செய்தியன்று. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் திருநெல்வேலியிலும் இருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும், மண்டல புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் செல்வோர் ஏராளம். மொழி சற்றே மாறுபட்ட ஊரில், அறிமுகமற்ற பத்துப் பேர் நடுவே, சொந்த உடையைக் களைந்துவிட்டுப் படுக்கும் அனுபவம் அவர்களுடையது.

முதுகுப்புறம் திறந்த, நாடாவால் முடிச்சிடும் அந்த அங்கி வீணாகத் தோன்றியதன்று. படுத்திருப்பவரை எழுப்பாமலேயே அதை அணிவிக்கலாம், கழற்றலாம். நெஞ்சில் இதயத் துடிப்பைக் காட்டும் மின்முனைகளை ஒட்ட வேண்டும். ரத்தக்குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவிக்கு, தொடை போன்ற தசைப்பற்றுள்ள இடத்தில் ஒரு தகடு தோலோடு தோலாகப் படிய வேண்டும். கீறல் இடும் பகுதியைச் சுற்றிலும் அகலமாகக் கிருமிநாசினி பூச வேண்டும். அவசரம் நேர்ந்தால் உடலின் எந்தப் பகுதியையும் நொடியில் அணுக வேண்டியிருக்கும். இவை அனைத்தும் நியாயமான காரணங்களே.

ஆனால் இக்காரணங்கள் எல்லா அறுவைக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. கண்புரை நீக்கத்துக்கும், விரலில் செய்யும் சிறு அறுவைக்கும் உள்ளாடையைக் கழற்றச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் காண்பது அரிது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது நோயாளிக்காக ஏற்பட்டதைவிட, வழக்கத்துக்காகவும் வசதிக்காகவும் ஏற்பட்டது என்றே எண்ண வேண்டியுள்ளது.

உடலை மூடி வைப்பதற்கும் தொற்றுத் தடுப்புக்கும் பகை இருப்பதாகக் கருதுவதும் சரியன்று. முழு மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் நோயாளியின் உள்வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேல் குறையக்கூடும். குளிரூட்டப்பட்ட அரங்கில், ஈரமான கிருமிநாசினி பூசிய வெற்றுடல் மேலும் விரைவாகக் குளிரும். வெப்பநிலை 36 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறைவது தாமதமாகும். காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடும். அறுவையின்போது நோயாளியின் உடல் வெப்பத்தைக் காக்கும் கருவிகளைப் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. கீறலுக்குத் தேவையான பகுதியைத் தேவையான நேரத்தில் மட்டும் திறந்து, மற்றவற்றைப் போர்த்தி வைப்பது மானத்துக்கும் நல்லது, மருத்துவத்துக்கும் நல்லது.

மயங்கிக் கிடப்பவருக்கு என்ன தெரியப் போகிறது என்று கேட்போர் உண்டு. சிசேரியன் அறுவைகளில் பெரும்பாலானவை முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே நடைபெறுகின்றன. தாய் முழு நினைவோடு இருக்கிறாள். யார் உள்ளே வருகிறார், யார் என்ன பேசுகிறார் என்பது அவள் காதில் விழுகிறது. உண்மையில் நினைவு இழந்தவருக்குத்தான் காவல் கூடுதலாகத் தேவை. அவரால் போர்வையை இழுத்துக்கொள்ளவும் இயலாது.

இது வெறும் கூச்சம் பற்றிய பேச்சு அன்று என்பதற்குக் கேரளத்திலேயே சான்றுகள் உள்ளன. கண்ணூர் மாவட்டம் பையன்னூர் அரசு மருத்துவமனையில் பெண் ஒருவருக்கு நடந்த சிசேரியன் அறுவை செல்போனில் படமாக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் பரவியதை அடுத்து, 2014-இல் மருத்துவர்கள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டனர். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2023 மார்ச் மாதம், தைராய்டு அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் அரை மயக்கத்தில் இருந்த பெண், ஊழியர் ஒருவர் தம்மிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் அளித்தார். அந்த ஊழியர் கைது செய்யப்பட்டார். புகாரை மாற்றிச் சொல்லுமாறு பெண் ஊழியர் சிலர் அவரை வற்புறுத்தியதாக அடுத்த குற்றச்சாட்டு எழுந்தது. பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவாக நின்ற செவிலியர் அதிகாரியோ இடுக்கிக்கு மாற்றப்பட்டார். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்கும், அவர் நடத்திய போராட்டத்துக்கும் பிறகு, 2024 ஏப்ரலில் அவர் கோழிக்கோட்டிலேயே மீண்டும் பணியமர்த்தப்பட்டார்.

தில்லியில் எழுதப்பட்ட ஆவணங்களுக்குக் குறைவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் மக்களின் கருத்துக்காக வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இடம்பெற்றன. ரகசியம் காத்தலும் மனித மாண்பும் அந்தரங்கமும் அவற்றுள் ஒன்று. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். இச்சாசனத்தைச் செயல்படுத்துமாறு 2019-இல் மாநிலங்களுக்கு அமைச்சகம் கடிதம் எழுதியது. அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதி அளவுகோல்களிலும் நோயாளியின் அந்தரங்கத்தையும் மாண்பையும் காப்பது ஒரு தனி அளவுகோலாகவே வைக்கப்பட்டுள்ளது.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. தில்லியின் சாசனம் அறிவுரையாகச் சென்று சேர்கிறதே தவிர, அங்கியாகவும் போர்வையாகவும் மாறுவது மாநில அரசின் நிதியையும், கடைசியில் துணிக் கிடங்கின் பொறுப்பாளரையும் சார்ந்தது. பருமனான பெண்ணுக்கும் மெலிந்த முதியவருக்கும் ஒரே அளவு அங்கி, நாடா அறுந்த அங்கி, வார்டிலிருந்து அரங்கு வரை ஸ்டிரெச்சரில் தள்ளிச் செல்லும்போது போர்த்தத் துணி இல்லாமை ஆகியவை எந்தச் சாசனத்தின் கண்ணிலும் படாத சிறுமைகள்.

தீர்வு காண்பது கடினமும் அன்று. இங்கிலாந்தின் பிரஸ்டன் நகர அரசு மருத்துவமனை 2006-லேயே தலை முதல் கால் வரை மறைக்கும் நோயாளி உடையை அறிமுகம் செய்தது. முஸ்லிம் பெண்களை மனத்தில் கொண்டு தைக்கப்பட்டாலும், எச்சமயத்தவரும் அணியலாம் என்றே அது வழங்கப்பட்டது. மருத்துவர் தரப்பிலும் இவ்வாறே. முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்ற விதியை வகுத்த அந்நாடு, ஒருமுறை அணிந்து எறியும் கையுறைத் துணியை, சமயக் காரணம் கூறுவோருக்கு 2010-இல் அனுமதித்தது. 2019-இல் டெர்பி மருத்துவமனை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய தலைத்துணியை அரங்கினுள் அனுமதித்தது. திருவனந்தபுரம் மாணவியரும் தங்கள் கடிதத்தில் பிற நாடுகளில் இத்தகைய உடைகள் கிடைப்பதைக் குறிப்பிட்டிருந்தனர்.

இனி நோயாளியின் பக்கம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உள்ளாடையைக் கழற்றுவது இந்த அறுவைக்கு அவசியமா? தலைத்துணி அணிந்திருப்பவர் அதற்குப் பதில் அரங்கின் தொப்பியை வார்டிலேயே அணிந்துகொள்ளலாமா? சிறுநீர்க் குழாய் பொருத்துவது மயக்கம் கொடுத்த பின்னரா, அதற்கு முன்னரா? அரங்கில் மாணவர்கள் எத்தனை பேர் இருப்பர், செல்போன்கள் வெளியே வைக்கப்படுமா? அறுவை முடிந்து கண்விழிக்கும் அறையில் பெண் செவிலியர் இருப்பாரா? இவற்றைக் கேட்க ஏற்ற நேரம் முந்தைய நாள் மாலை, மயக்க மருந்து நிபுணர் படுக்கையருகே வந்து விசாரிக்கும்போது. மறுநாள் காலை அரங்கு வாயிலில் எவருக்கும் நேரம் இராது.