அன்னதானக் கூடத்தில் மிஞ்சும் சோறு

அன்னதான உபயம் ஏற்கும் மெய்யன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற திருவிழாவின் இரண்டாம் நாள், எங்கள் ஆலய மடப்பள்ளியில் முன்னறிவிப்பின்றி வந்திறங்கிய முட்டைக்கோஸ் பெட்டிகளுக்குக் குளிர்பதன அறையில் இடமில்லை. கேமரன் மலையில் விளைந்து, எல்லை கடந்து, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை வழியாக வந்த காய், திருவிழா முடியுமுன் குப்பைத்தொட்டியைச் சேர்ந்தது. கொடுத்தவர் மனம் நோகுமே என்று வாங்கி வைத்தது என் பிழைதான்.

சிங்கப்பூருக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அப்படியிருந்தும் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 755,000 டன் உணவு இங்கே கழிவாயிற்று. அதில் ஆலயங்களின் பங்கு சிறிதே; ஆயினும் படைத்த அன்னம் என்பதால் நமக்கு உறுத்தல் அதிகம்.

சமைத்த சோறு நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருந்தால் பரிமாறலாகாது. ஆகவே, விடியலிலேயே மொத்தச் சோற்றையும் வடித்துவிடும் வழக்கத்தை விடுத்து, பந்தி நிலவரம் பார்த்து இம்முறை மூன்று தவணையாக உலை வைக்கவுள்ளோம். மூன்றாம் உலை தாமதித்தால் சற்றே பொறுத்தருள்க. இலையில் முதலில் சிறிதாகவே வைப்போம். கேட்டால் மறுசோறு உண்டு. இதைக் கஞ்சத்தனம் எனச் சிலர் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும்.

காய்கறியாக உபயம் அளிப்போர் ஒரு வாரம் முன்னரே ஆலய அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அரிசியும் பருப்பும் எந்நாளும் ஏற்கப்படும்.