துளைகளின் தொடர்பு

கட்டடம் எழுதற்குச் சாரம் வேண்டப்படுதல் போல, சிதைந்த என்பு வளர்தற்கும் ஒரு சாரம் வேண்டும். கொழும்பில் 1996இல் நிறுவப்பெற்ற மனித இழைய வங்கி, கொடையாகப் பெற்ற என்பைக் காமாக் கதிர்களாற் கிருமிநீக்கிச் சிகிச்சைக்கு உதவியுள்ளது. செயற்கைச் சாரமும் என்பைப்போல் நுண்டுளைகள் மலிந்ததே. ஆயின் துளைகள் பலவாதல் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று தொடர்புறல் வேண்டும். அடைபட்ட துளையிற் குருதிக்குழாய் புகாது, கலங்கள் வாழா.

ஒற்றைச் சீவலை நுணுக்குக்காட்டியில் நோக்கின், திறந்த துளையும் அடைபட்டதும் ஒன்றுபோலவே தோன்றும். நுண் எக்ஸ்கதிர் வருடலிலோ, சாரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல நூறு நிழற்படங்கள் எடுப்பர். கணினி அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தை அமைக்கும். வெட்டாமலே துளைவழிகள் புலப்படுதலின், குறையுள்ள சாரத்தை நோயாளியின் உடலில் இடுமுன்னரே விலக்கலாம்.