ஆலைக் கொட்டகைக்குள் ஒரு ஜாவாக்காரி

ஜேடர்பாளையம் வருகிறவர்கள் தடுப்பணையைப் பார்ப்பார்கள், பூங்காவில் உட்காருவார்கள், பொரித்த மீன் தின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் தங்க வந்த ஜாவாத் தோழியும் அதையெல்லாம் முடித்தாயிற்று. மீனில் முள்தான் மிச்சம். ஆனால் நான் காட்ட நினைத்தது வேறு. நீங்களும் வாருங்கள், விடியும் முன்னே கரும்புக் காட்டு வழியாகப் போய், பின்பக்கமாக வெல்ல ஆலைக்குள் நுழைந்துவிடலாம். பொங்கலுக்கு முந்தைய மார்கழி இது. அடுப்பு அணையாத காலம்!

"காலைப் பாத்து வையுங்க அம்மிணி, சக்கை வழுக்கும்!"

உள்ளே ஒரே களேபரம். கூரை முட்டும் சக்கைக் குவியல், கொடியில் ஈர லுங்கி, சுண்ணாம்பு டப்பா, ஆணியில் பிளாஸ்டிக் பையோடு தொங்கும் செல்போனில் இளையராஜா. கரும்பு நசுக்கும் இரைச்சலில் அவர் பாட்டும் பாதிதான் கேட்கிறது. அடுப்பு வாயில் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கப் புருவத்தைக் காணோம். என்னாச்சு என்றேன். "போன பொங்கலுக்கே வெல்லத்தோட போயிருச்சுங்க. பயப்படாதீங்க, வடிகட்டிட்டோம்."

கொப்பரையில் சாறு கொதிக்கிறது. மேலே திரளும் அழுக்கை வழித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதுகில் வேர்வை ஓடுகிறது. பாகு பதம் பார்க்கும் பெரியவர்தான் இங்கே நாயகர். சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, கண்ணை மூடுகிறார். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் முந்தினால் உருண்டை நிற்காது, பிந்தினால் கருகிவிடும். தலையசைத்தார். அவ்வளவுதான், ஒரே ஓட்டம்! பாகு தொட்டியில் பாய, துடுப்புகள் கிண்ட, ஆறுவதற்குள் துணியில் அள்ளி உருண்டை பிடிக்கிறார்கள்.

தோழியும் கைவைத்தாள். ஜாவாவில் தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றி ஆறவிடுவார்கள். உருட்டுகிற வேலையே இல்லை. "அப்ப உங்கூருல கை சுடாதுங்களா?" என்று பெரியவர் கேட்க, அவள் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாள். சின்ன வயதில் அம்மாவின் அடுப்படியில் வாங்கியதாம். அவர் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அவருடையது பெரிசு, முகத்தில் அப்படியொரு பெருமை!

அந்தக் காலத்துக் குறுநில மன்னர் அல்லாள இளைய நாயகர் காவிரியிலிருந்து வெட்டிய ராஜா வாய்க்கால்தான் இந்தப் பக்கம் கரும்பையும் வாழையையும் வெற்றிலையையும் வளர்க்கிறது. ஆறிய உருண்டைகள் 30 கிலோ சிப்பமாகக் கட்டப்பட்டு, பக்கத்துப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். கடையில் பளீரென்ற மஞ்சள் வெல்லத்தைத் தேடி அடம்பிடிக்கிற நாம், ஒருநாள் இந்தப் புகையில் நிற்க வேண்டும். மங்கலான நிற வெல்லத்தின் மேல் தானாக மரியாதை வரும்.

தோழி பிடித்த உருண்டை மாங்காய் மாதிரி கோணிக்கொண்டு நின்றது. "இதைச் சிப்பத்துல போட்டா ஏவாரி என்னையத்தான் வைவான்" என்று பெரியவர் அதை உடைத்து, எல்லார் கட்டஞ்சாயாவிலும் ஆளுக்கொரு துண்டு போட்டார். பாதி குடிப்பதற்குள் அடுப்புப் பக்கமிருந்து சத்தம்:

"அடுத்த கொப்பரை பொங்குதுங்க, எந்திரிங்க!"