வெள்ளத்தில் ஒரு பெரட்டு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பெரட்டு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் மணி அடிக்கும். பால் வெட்டும் கத்தியும் வாளியுமாக எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். கிராணியார் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று குரல் வரும். ஏதாவது ஒரு பெயருக்குக் குரல் வராவிட்டால் அடுத்த வீட்டுக்காரரைக் கேட்பார். "ராத்திரியெல்லாம் காய்ச்சலுங்க" என்று அவர் பதில் சொல்வார்.

இந்த வழக்கம் நம்மீது கொண்ட அன்பினால் ஏற்பட்டதன்று; வேலைக் கணக்குக்காகவும் கூலிக் கணக்குக்காகவும் ஏற்பட்டது. ஆயினும் அதில் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. இன்றைக்கு யார் வரவில்லை என்பது பொழுது புலருமுன்னரே ஊருக்குத் தெரிந்துவிடும்.

யாரும் கட்டாயப்படுத்தாமல், கூலி எதுவும் இல்லாமல், வெறும் பொழுதுபோக்குக்காகவே இப்படியொரு பெரட்டை நடத்துகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்து நகரமே முடங்கும் நாளில் அந்தப் பெரட்டு உயிர்காக்கும் வேலையாக மாறிவிடுகிறது. அவர்களைப் பற்றியும், அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியதைப் பற்றியும் இன்று சற்றுச் சிந்திப்போம்.

இவர்களை அமெச்சூர் வானொலியாளர்கள் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் சொல்வார்கள். நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே உதவும். இவர்களுடைய கருவி கேட்கவும் உதவும், பேசவும் உதவும். வீட்டின் மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கருவி, கூரைமேல் ஒரு கம்பி. அவ்வளவுதான் அவர்களுடைய நிலையம். வியாபாரம் பேசக்கூடாது, பணம் வாங்கக்கூடாது. தேர்வு எழுதித் தேறி, அரசாங்கத்திடம் உரிமம் பெற வேண்டும். நம் நாட்டில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த உரிமத்தை வழங்குகிறது. தேறியவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். மலேசியக் குறிகள் '9 எம்' என்றோ '9 டபிள்யூ' என்றோ தொடங்கும். இந்தியக் குறிகள் பெரும்பாலும் 'வி யூ' என்று தொடங்கும். வானலையில் அந்தக் குறிதான் அவருடைய பெயர்.

இவர்கள் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட அலைவரிசையில் ஒன்றுகூடுவார்கள். அதற்கு 'நெட்', அதாவது வலை, என்று பெயர். ஒருவர் கட்டுப்பாட்டாளராக இருப்பார். முதலில், "அவசரச் செய்தி யாரிடமாவது உண்டா?" என்று கேட்பார். பிறகு ஒவ்வொருவராக வருகையைப் பதிவு செய்வார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாய்திறக்க மாட்டார்கள். சாதாரண நாள்களில் இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். "இங்கே மழை, உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, வணக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதற்காகவா இத்தனை ஏற்பாடு என்று தோன்றும்.

எதற்காக என்பது வெள்ளம் வந்தால் புரியும்.

2015ஆம் ஆண்டு சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு நவம்பர் முழுவதும் அங்கே பெருமழை. ஏரிகளும் குளங்களும் நிரம்பித் தளும்பின. டிசம்பர் 1ஆம் தேதி மழை உச்சத்தை எட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சுற்றுப்புறத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2ஆம் தேதி அச்சாகவில்லை. அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச்சேர முடியாமற்போனதே காரணம்.

மின்சாரம் நின்றது. தொலைபேசியும் பல இடங்களில் செயலிழந்தது. இங்கிருந்து சென்னை உறவினரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொடர்பு கிடைக்காமல் தவித்தவர்கள் நம்மிடையேயும் உண்டு.

கைப்பேசி ஏன் அப்படிக் கைவிட்டது? நாம் கைப்பேசியில் பேசும் பேச்சு நேராக மறுமுனைக்குப் போவதில்லை. அருகிலுள்ள கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து நிலையத்துக்குப் போய், பின்பு வேறொரு கோபுரத்தின் வழியாகத்தான் மற்றவர் காதுக்குப் போகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அங்குள்ள பாட்டரி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஜெனரேட்டர் இருந்தாலும் எண்ணெய் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும். கோபுரம் நன்றாக இருக்கும்போதுகூட, எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் நெரிசலில் யாருக்குமே இணைப்புக் கிடைக்காது.

அமெச்சூர் வானொலி கைப்பேசிக் கோபுரத்தை நம்பியிருப்பதில்லை. ஒரு கார் பாட்டரி போதும். ஒரு கம்பியைக் கட்ட மரக்கிளை போதும். ஊருக்குள் பேசுவதற்கு இரண்டு மீட்டர் அலையைப் பயன்படுத்துவார்கள். அது கண்ணுக்கெட்டிய தூரம் நேராகப் போகும். தொலைவில் உள்ளவர்களோடு பேச நாற்பது மீட்டர் அலை போன்ற நீண்ட அலைகள் உண்டு. அறைக்குள் விட்டெறிந்த பந்து கூரையில் பட்டுத் தரைக்குத் திரும்புவதுபோல, அவை வானத்தின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். அதனால் வெள்ளத்தில் சிக்கிய ஊரின் செய்தியை, நனையாத ஊரிலிருக்கும் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள முடிகிறது. சென்னை வெள்ளத்தின்போது அமெச்சூர் வானொலியாளர்கள் இவ்வாறுதான் செய்திகளைக் கைமாற்றி உதவினார்கள்.

அத்தகைய நாளில் நெட் எப்படி நடக்கும்? கட்டுப்பாட்டாளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அழைப்பார். ஒருவர், "தெருவில் முழங்கால் அளவு நீர். நாங்கள் நலம். பாட்டரி நாளை வரை வரும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர், "மாடியில் ஐந்து பேர். ஒருவருக்கு நீரிழிவு மருந்து வேண்டும்" என்கிறார். கட்டுப்பாட்டாளர் நேரத்தோடு அதை எழுதிக்கொண்டு, சரிதானா என்று திரும்பப் படித்துக்காட்டி, உதவிக் குழுவுக்கு அனுப்புவார். அடுத்த குறியை அழைக்கிறார், பதில் இல்லை. மறுபடியும் அழைக்கிறார், அப்போதும் இல்லை. உடனே, "அவருக்கு அருகில் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். பதில் வராததனால் அவருக்கு ஆபத்து என்று முடிவுகட்ட முடியாது. பாட்டரி தீர்ந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். ஆனால் அந்த மௌனமே ஒரு செய்தி. உதவி கேட்கக் குரலுள்ளவர்களுக்கு உதவி எப்படியாவது போய்விடும். கேட்க முடியாதவரை யாராவது தேடிப் போனால்தான் உண்டு. பட்டியல் ஒன்று இருந்தால்தான், யார் பேசவில்லை என்பதே தெரியும். அந்தப் பட்டியல் வெள்ளம் வந்த இரவில் எழுதியதன்று. ஒன்றும் நடக்காத நூறு நாள்களில், "இங்கே மழை, வணக்கம்" என்று பேசிப் பேசி உண்டானது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோதும் இந்தப் பொழுதுபோக்கு பயன்பட்டது. பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஒரு குழுவோடு அந்தமான் தீவிலுள்ள போர்ட் பிளேர் நகருக்குப் போயிருந்தார். உலகெங்குமுள்ள வானொலி நண்பர்களோடு பேசி மகிழ்வதற்காகவே அவர்கள் அங்கே நிலையம் அமைத்திருந்தார்கள். நிலநடுக்கத்தாலும் பேரலையாலும் தீவுகளின் தொடர்பு அற்றபோது, அதே கருவியை வைத்துக்கொண்டு, தீவில் இருப்பவர்களின் நலச் செய்தியைப் பெருநிலத்து உறவினர்களுக்கு அனுப்பினார்கள். முதல்நாள் வரை விளையாட்டாக இருந்தது, மறுநாள் தொண்டாயிற்று.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுக் கடைசியில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கோலக்கிராய் வட்டாரத்தில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் மக்கள் தனித்துப்போனார்கள். அப்போதும் அமெச்சூர் வானொலியாளர்கள் தம் கருவிகளோடு உதவிக்கு நின்றார்கள். அதே பருவத்தில் நம் பேராக்கிலும் மக்கள் நிவாரண மையங்களுக்குப் போக நேர்ந்தது. பேராக் ஆற்றோர ஊர்களில் 1926ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 1967ஆம் ஆண்டு வெள்ளத்தையும் இன்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஈப்போ நகரின் நடுவே கிந்தா ஆறு ஓடுகிறது. கித்தாக் காடாக இருந்த நிலம் ஒரு காலத்தில் மழையை உறிஞ்சிக்கொண்டது. இன்று அங்கே சிமெந்தும் தாரும் போட்டிருக்கிறோம். பெய்த மழை நிற்க இடமின்றி வாய்க்காலுக்கு ஓடுகிறது. வாய்க்கால் தாங்காவிட்டால் வீட்டுக்குள் வருகிறது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போயின. ஒரு பாட்டி ஆற்றோரத் தாமான் ஒன்றில் தனியாக இருந்தார். பிள்ளைகள் வேலை தேடி வெளிமாநிலம் போயிருந்தார்கள். ஒரு நாள் இரவு திடீர் வெள்ளம். எல்லாரும் மண்டபத்துக்கு ஓடினோம். பாட்டி மகள் வீட்டில் இருக்கிறார் என்று ஒருவர் நினைத்தார். பக்கத்து வீட்டார் அழைத்து வந்திருப்பார்கள் என்று நாம் நினைத்தோம். விடிந்தபின் ஒரு சிறுமிதான் கேட்டாள்: "பாட்டி எங்க சார்?" ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் அடுப்படி மேசைமேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் அப்படியே இருந்திருக்கிறார். "கூப்பிட்டேன்யா, மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல" என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நமக்கு வெட்கமாயிருந்தது. முப்பது ஆண்டுகள் பெரட்டில் தினமும் பதில் சொன்ன பெயர் அது. அன்றிரவு அந்தப் பெயரைக் கூப்பிட யாருமில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. பத்து வீட்டுக்கு ஒரு பட்டியல். வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, தினமும் மருந்து எடுப்பவர் உண்டா, வெளியூரில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். தொலைபேசி எண்களைத் தாளில் எழுதினோம். கைப்பேசிக்குள் மட்டும் இருக்கும் எண், கைப்பேசி அணைந்தால் காணாமற்போய்விடும். தனியாக இருக்கும் முதியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வீட்டார் பொறுப்பு. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் பார்ப்பார். ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பட்டியல்காரர் கூப்பிடுவார். "இருக்கோம்" என்று சொன்னால் போதும். பதில் வராத வீட்டுக்கு ஆள் நேரில் போகும்.

முதல் மாதம் சிலர் கேலி செய்தார்கள். "கிராணி வேலை இன்னும் விடலையா சார்?" என்றார்கள். இப்போது ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லையென்றால் அவர்களே கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

மழைக்காலத்தில் இன்னும் சிலவற்றை மனத்தில் வையுங்கள். பேச்சு கிடைக்காதபோது குறுஞ்செய்தி சில வேளை போய்ச்சேரும். வெளிமாநிலத்திலுள்ள உறவினர் ஒருவரைச் செய்தி நிலையமாக வைத்துக்கொண்டு, எல்லாரும் அவருக்கே நலம் சொல்லுங்கள்; ஆளாளுக்குக் கூப்பிட்டு வழியை அடைக்க வேண்டாம். பாட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆபத்தென்றால் 999ஐ அழையுங்கள். எங்கே, எத்தனை பேர், என்ன தேவை என்று மூன்றையும் முதலில் சொல்லுங்கள். வீட்டில் கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் அதட்டாதீர்கள். உரிமத் தேர்வுக்குப் படித்து அமெச்சூர் வானொலியாளராகலாம் என்று வழிகாட்டுங்கள்.

அமெச்சூர் வானொலியாளர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அவர்களுள் ஒருவர் காலமாகிவிட்டால், இறந்தார் என்று சொல்லமாட்டார்கள். அவருடைய தந்திச் சாவி மௌனமாகிவிட்டது என்பார்கள். ஒருவருடைய குரல் நின்றுபோனதை மற்றவர்கள் கவனித்தார்கள் என்பது அதன் பொருள். நம்முள் ஒவ்வொருவருக்கும் அப்படிக் கவனிக்கிறவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

பெரட்டுக் களத்தில் இன்று வீடுகள் வந்துவிட்டன. மணியும் இல்லை; கிராணியாரும் இல்லை. துரைக்காகக் கூப்பிட்ட பெயர்களை இனி நமக்காக நாமே கூப்பிடுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.