புதுச்சேரியும் இரண்டு திபெத் நூல்களும்

திபெத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய நூல்களுள் இரண்டுக்குப் புதுச்சேரி நகரத்தோடு தொடர்பு உண்டு. முதலாவது, இத்தாலிய இயேசு சபைத் துறவி இப்போலிதோ தெசிதேரி எழுதிய 'திபெத்தின் வரலாற்றுக் குறிப்புகள்'. திபெத்தில் ஐந்தாண்டுகள் வாழ்ந்துவிட்டுத் தெற்கே வந்த அவர், 1727 ஜனவரியில் புதுச்சேரியில் கப்பலேறினார். அந்தக் கப்பலிலேயே நூலை எழுதவும் தொடங்கினார். இரண்டாவது, பிரெஞ்சுப் பெண்மணி அலெக்சாந்திரா தாவித்-நீல் எழுதி 1927இல் வெளியான லாசா பயண நூல். அவர் புதுச்சேரிக்கு வந்தது 1911இல், திபெத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பு.

இருவருமே வெகுதொலைவிலிருந்த அதிகாரங்களால் தடுக்கப்பட்டவர்கள். தெசிதேரி ஆணைக்குப் பணிந்து வெளியேறினார். தாவித்-நீல் ஆணையை மீறி உள்ளே நுழைந்தார். அவர்களுடைய நூல்களுக்கு நேர்ந்த கதியும் இதை ஒட்டியே அமைந்தது.

லாசாவுக்குப் போன வழி

தெசிதேரி 1684இல் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் பிறந்தவர். 1713இல் கோவா வந்து சேர்ந்து, மறு ஆண்டு தில்லியிலிருந்து மனுவேல் பிரெய்ரே என்ற போர்ச்சுக்கீசியத் துறவியுடன் புறப்பட்டார். காஷ்மீரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1715 ஜூனில் இருவரும் லடாக்கின் லே நகரை அடைந்தனர். மலைக் கணவாய்களில் வெண்பனியின் கூச்சத்தால் தெசிதேரியின் கண்கள் வீங்கிச் சிவந்தன. லடாக்கிலேயே தங்கிவிட அவர் விரும்பினார். பிரெய்ரேயோ இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்றார். ஆனால் வந்த வழியே திரும்ப அவருக்கு மனமில்லை. ஆகவே திபெத்தின் குறுக்கே நடந்து கிழக்கில் இறங்குவது என்று முடிவாயிற்று.

மேற்குத் திபெத்தின் வெட்டவெளியில் ஊரும் இல்லை, விறகும் இல்லை. அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஒரு மங்கோலிய இளவரசி, கணவனை இழந்தவர், தம் பரிவாரத்தோடு லாசாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இரு துறவிகளையும் அவர் தம்மோடு சேர்த்துக்கொண்டார். ஒருநாள் பிரெய்ரேயின் குதிரை பனியில் விழுந்துவிட, அவர் பின்தங்கிப்போனார். இளவரசியின் ஆட்கள் தேடிச் சென்று மீட்டிராவிட்டால் அவர் உயிரோடு திரும்பியிருக்க முடியாது. 1716 மார்ச் 18 அன்று லாசாவை அடைந்ததும் பிரெய்ரே இந்தியாவுக்குப் போய்விட்டார். தெசிதேரி தனியாக இருந்தார்.

இந்தப் பயணத்தில்தான் கயிலை மலையை அவர் கடந்தார். கயிலையையும் மானசரோவர் ஏரியையும் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் என்று அவரைக் குறிப்பிடுவர். மலையைச் சுற்றி யாத்திரிகர் வலம்வருவதையும், பத்மசம்பவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகையையும் அவர் குறித்துவைத்தார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து ஏறியதாகப் பெரியபுராணம் சொல்லும் அதே மலை அது. அம்மையாரின் காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தெசிதேரிக்கோ அது மேகம் மூடிய, கடுங்குளிர் வீசும் அச்சமூட்டும் மலையாக மட்டுமே தெரிந்தது.

நூல் சொல்லும் திபெத்

அன்று லாசாவை ஆண்டவர் மங்கோலிய மன்னர் லாசாங் கான். ஊரில் தங்கவும் சமயம் பேசவும் அவர் தெசிதேரிக்கு அனுமதி தந்தார். 1717 ஜனவரியில், கிறித்தவத்தை விளக்கித் திபெத்திய மொழியிலேயே எழுதிய நூலைத் தெசிதேரி மன்னரிடம் அளித்தார். லாசாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. நூலைப் பெற்ற மன்னர், விவாதத்துக்கு வருமுன் பௌத்த நூல்களையும் படித்துவிட்டு வரும்படி சொல்லியனுப்பினார். தெசிதேரி செரா மடத்தில் அறை எடுத்துத் தங்கி, துறவிகளோடு அமர்ந்து பாடம் கேட்டார். 'இல்லாமை' என்று மேலோட்டமாகப் புரிந்துகொள்ளப்படும் சூனியதைக் கொள்கையோடு அவர் மல்லுக்கு நின்றதெல்லாம் இங்கேதான். மறுபிறப்புக் கொள்கையை மறுப்பதே அவருடைய நோக்கம். ஆனால், மறுக்கப்போவதை முதலில் முழுதாகக் கற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திபெத்திய பௌத்தத்தை அதன் மூலநூல்கள் வழியாக அறிந்த தொடக்ககால ஐரோப்பியருள் முதன்மையானவர் அவரே.

அவருடைய 'வரலாற்றுக் குறிப்புகள்' நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி பயணத்தைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி நாட்டின் இயல்பு, மக்கள் வழக்கம், ஆட்சிமுறை ஆகியவற்றை விவரிக்கிறது. மூன்றாவது சமயம் பற்றியது. நான்காவது திரும்பி வந்த கதை. இன்றைய வாசகருக்கு மிகவும் சுவையானது இரண்டாம் பகுதிதான். வறுத்த பார்லி மாவை வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரில் பிசைந்து உண்பது, காய்ந்த சாணத்தை எரித்துக் குளிர்காய்வது, சுமைக்கும் பாலுக்கும் கம்பளி நூலுக்கும் யாக் எருமையையே நம்பியிருப்பது, கஸ்தூரி மானை வேட்டையாடுவது என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறார். சகோதரர்கள் அனைவருக்கும் ஒரே மனைவி என்ற வழக்கத்தையும், இறந்தவர் உடலைக் கழுகுகளுக்கு இடுவதையும் அருவருப்புத் தொனி இல்லாமல் விளக்குகிறார். இடத்தை அளந்து பார்த்தவர் எழுதுவதுபோல் போத்தலா அரண்மனை வருணிக்கப்படுகிறது.

வரலாற்று ஆய்வாளர்கள் இந்நூலைத் தேடுவது வேறு காரணத்துக்காக. 1717 இறுதியில் சுங்கார் மங்கோலியர் லாசாவைத் தாக்கிச் சூறையாடி, லாசாங் கானைக் கொன்றனர். தெசிதேரி கிழக்கே தக்போ பகுதிக்கு விலகிச் சென்று அங்கே தம் திபெத்திய நூல்களை எழுதினார். 1720இல் சீனப் பேரரசின் படை உள்ளே வந்தது. திபெத்தின் பிற்கால அரசியலையே திருப்பிவிட்ட இந்த மூன்றாண்டு நிகழ்வுகளுக்கு, அங்கேயே இருந்த ஓர் ஐரோப்பியரின் விரிவான சாட்சியம் இது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பகுதியின் தலைப்பிலேயே திபெத்திய சமயத்தைப் 'பொய்ச் சமயம்' என்றுதான் அவர் குறிக்கிறார். ஆனால் அதைப் பின்பற்றும் மக்களின் ஒழுக்கத்தையும் இரக்கத்தையும் வியந்து பாராட்டுகிறார். இந்த முரணை அவர் ஒளிக்கவும் இல்லை, தீர்க்கவும் இல்லை.

சம்பா கோயிலும் கப்ஸ் கோயிலும்

தெசிதேரியை வெளியேற்றியவர்கள் திபெத்தியர் அல்லர். திபெத்தில் சமயப்பணி செய்யும் உரிமையை ரோமின் தலைமை 1703இலேயே கப்புச்சின் சபைக்கு அளித்திருந்தது. 1716 அக்டோபரில் கப்புச்சின் துறவிகள் லாசாவுக்கு வந்தபோது தெசிதேரி அவர்களை வரவேற்று மொழி கற்க உதவினார். வழக்கோ ரோமில் நடந்தது. இயேசு சபையினர் விலக வேண்டும் என்ற கடிதம் 1721 ஜனவரியில் அவர் கைக்குக் கிடைத்தது. ஏப்ரலில் அவர் லாசாவை விட்டார்.

நேபாளம், பாட்னா, ஆக்ரா, தில்லி என்று சில ஆண்டுகள் கழிந்தன. பிறகு பிரெஞ்சு இயேசு சபையினரின் கர்நாடகப் பணித்தளத்துக்கு அழைக்கப்பட்டு, புதுச்சேரி வந்து சேர்ந்தார். நாற்பது வயதைத் தாண்டிய அவர், 1726இல் தமிழ் கற்கத் தொடங்கினார். அவருடைய சபையையும் நாட்டையும் சேர்ந்த வீரமாமுனிவர் தேம்பாவணியை முடித்ததும் அந்த ஆண்டில்தான். பின்னாளில் நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்போது வயது 17.

தெசிதேரி தப்பி வந்த சச்சரவு புதுச்சேரியிலும் இருந்தது. இங்கும் இயேசு சபையினரும் கப்புச்சின்களும் எதிரெதிர் அணிகளாக நின்றனர். தமிழ்க் கிறித்தவர் உள்ளூர்ச் சடங்குகளைக் கைக்கொள்ளலாமா என்ற பூசலை விசாரிக்க, திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1703இல் புதுச்சேரிக்கே வந்து, மறு ஆண்டு இயேசு சபையினருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்த இரு சபைகளின் நினைவை இன்றும் ஊர்ப்பேச்சு காத்துவருகிறது. மிஷன் வீதியில் உள்ள பேராலயம், இயேசு சபையினரின் புனித பவுல் பெயரால் 'சம்பா கோயில்'. கடற்கரைக்கு அருகே துய்மா வீதியில் உள்ள தேவதூதர் அன்னை ஆலயம், கப்புச்சின் என்பதன் சுருக்கமாகக் 'கப்ஸ் கோயில்'. இப்போது நிற்கும் கட்டடங்கள் இரண்டும் பிற்காலத்தவை. திபெத்துக்கு யார் உரிமையாளர் என்று வழக்காடிய சபைகளின் பெயர்களே அவை என்பது அவ்வழியே போகும் பலருக்குத் தெரியாது.

ஓராண்டு கழிந்ததும் தெசிதேரிக்கு வேறு வேலை தரப்பட்டது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரித்தோவுக்கு அருளாளர் பட்டம் வேண்டி ரோமில் வாதாட அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1727 ஜனவரியில் பிரெஞ்சுக் கப்பலில் புறப்பட்டார். கையில் திபெத் பற்றிய குறிப்புகளும் இருந்தன.

அச்சேறாமல் கிடந்த நூல்

1728இல் ரோம் சேர்ந்த தெசிதேரி, திபெத் பணியை இயேசு சபைக்கு மீட்கப் போராடிக்கொண்டே நூலைத் திருத்தி எழுதினார். 1732 நவம்பரில் கப்புச்சின்களுக்கே உரிமை என்று இறுதித் தீர்ப்பு வந்தது. இதுபற்றி இனி எவரும் வாதிடக் கூடாது என்ற தடையும் அதோடு வந்தது. 1733 ஏப்ரலில் தெசிதேரி இறந்தார், நூல் அச்சேறவில்லை. அந்தத் தடையே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வழக்கில் வென்ற கப்புச்சின்களும் 1745இல் லாசாவை விட்டு வெளியேற நேர்ந்தது.

கையெழுத்துப் படி ஒன்று பிஸ்தோயாவில் 1875இல் வெளிப்பட்டது. 1904இல் இத்தாலிய மொழியில் ஒரு பகுதி அச்சாயிற்று. 1932இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பா திபெத்தைப் பற்றி அறிந்ததாக நினைத்துக்கொண்ட பலவும் தெசிதேரி திருத்தியிருக்கக்கூடிய பிழைகள்.

தடையை மீறிய பெண்

1911 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்த அலெக்சாந்திரா தாவித்-நீலுக்கு அப்போது வயது 43. பௌத்தம் பயின்றவர், முன்பு இசை நாடகப் பாடகியாகவும் இருந்தவர். பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையாக விளங்கிய மீரா அல்ஃபாசா, பாரிசில் இவருக்குத் தோழி. ஆங்கிலேயரிடமிருந்து விலகி 1910 ஏப்ரல் முதல் பிரெஞ்சு ஊரில் தங்கியிருந்த அரவிந்தரைச் சந்திப்பதே வருகையின் நோக்கம். அந்த உரையாடலின் சிறப்பைக் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அடுத்து சென்னை சென்றதும், புதுச்சேரியில் என்ன செய்தீர்கள் என்று பிரிட்டிஷ் காவல்துறை அவரிடம் விசாரித்தது. எல்லைகளைக் காக்கும் அந்த அரசோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உரசல்களில் இதுவும் ஒன்று.

1912இல் காலிம்போங்கில் பதின்மூன்றாம் தலாய் லாமாவைச் சந்தித்தார். திபெத்திய மொழியைக் கற்கும்படி அவர் அறிவுறுத்தினார். தாவித்-நீல் சிக்கிமின் லாச்சென் பகுதியில் சுமார் 4000 மீட்டர் உயரத்தில் ஒரு துறவியிடம் மாணவியாகித் தங்கினார். 1916இல் அனுமதியின்றி எல்லை தாண்டி சிகாட்சேவுக்குப் போய்வந்ததற்காக பிரிட்டிஷார் அவரைச் சிக்கிமிலிருந்து வெளியேற்றினர். தெசிதேரிக்கு ஆணை வந்தபோது பணிவு வந்தது. இவருக்குக் கோபம் வந்தது. ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி, கும்பும் மடத்தில் சில ஆண்டுகள் பயின்று, 1923இல் யுன்னானிலிருந்து நடக்கத் தொடங்கினார்.

கூந்தலை மையால் கறுப்பாக்கி, முகத்தில் கரிப்பொடி பூசி, பிச்சையெடுக்கும் யாத்திரிகத் தாயாக வேடமிட்டார். வளர்ப்பு மகன் யோங்தேன் என்ற சிக்கிம் இளைஞர் லாமாவாகவே உடன் நடந்தார். பனியில் உணவு தீர்ந்தபோது செருப்புத் தைக்க வைத்திருந்த தோல்துண்டுகளை வேகவைத்துக் குடித்தனர். 1924 தொடக்கத்தில் புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டத்தோடு லாசாவுக்குள் நுழைந்து இரண்டு மாதம் தங்கினர். ஐரோப்பியப் பெண் ஒருவர் அந்நகரைக் கண்டது அதுவே முதல் முறை.

நூல் 1927இல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்து உடனே புகழ்பெற்றது. வேடம் கலையுமோ என்ற அச்சமே அந்நூலை நடத்திச் செல்கிறது. கூடவே, வேடத்தின் பயனாக, அரசவைக்குச் செல்லும் விருந்தினர் எவரும் காணாத ஏழை வீடுகளின் அடுப்படியையும் அது காட்டுகிறது. 1929இல் வந்த திபெத்திய ஞானியர், மந்திரவாதிகள் பற்றிய நூல் இன்னும் பரவலாக வாசிக்கப்பட்டது. உடல்வெப்பத்தைத் தியானத்தால் எழுப்பிக் குளிரை வெல்லும் 'தும்மோ' பயிற்சி மேற்கில் பலருக்கு அறிமுகமானது இதன் வழியே. 'மாயத் திபெத்' என்ற படிமம் வேரூன்றியதில் இந்நூலுக்கும் பங்கு உண்டு. திபெத்தியர் உழுது, வரி கட்டி, வழக்காடும் மக்கள் என்பதைத் தெசிதேரியின் நூல் மறக்கவிடாது. இந்நூலைப் படிப்போர் அதை எளிதில் மறந்துவிடுவர். அவர் லாசாவுக்குப் போகவே இல்லை என்று 1972இல் ஒரு பிரெஞ்சு நூல் வாதிட்டது. ஆய்வாளர்கள் அதைப் பொதுவாக ஏற்பதில்லை.

தாவித்-நீல் 1969இல், 101 வயதை நெருங்கும்போது பிரான்சின் தீஞ் நகரில் காலமானார். அவருடைய சாம்பலும், 1955இல் இறந்த யோங்தேனின் சாம்பலும் 1973இல் காசியில் கங்கையில் கரைக்கப்பட்டன.

தெசிதேரியின் நூலுக்குக் குறிப்புரைகளுடன் கூடிய முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் வெளிவந்தது. பக்கங்கள் அதிகம், தொடக்கத்திலுள்ள பயணப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, நாட்டையும் மக்களையும் பற்றிய இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குவது மாணவர்களுக்கு எளிது.