வெள்ளரிக்காய்க்குத் தமிழ் தெரியும்

பூந்தமல்லி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டெஸ்டிங் வேலையில் சேர்ந்த மகள், நாள் முழுக்க 'குக்கும்பர்' எழுதுவதாகச் சொல்கிறாள். வெள்ளரிக்காயை எப்படி எழுதுவது?"

நார்வேக்காரர் அஸ்லாக் ஹெல்லசொய் 2008இல் வெளியிட்ட சோதனைக் கருவி அது. மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை உதாரணங்களாக முதலிலேயே எழுதிவிடும் முறைக்காகப் பிறந்தது. அந்த முறையை டேன் நார்த் 2006இலேயே கட்டுரையாக விளக்கியிருந்தார்.

கண்டக்டர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷினை எடுத்துக்கொள்வோம். 2021 மே முதல் ஒயிட் போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கு ஒரு சோதனை எழுதினால்:

காட்சி: பெண் பயணி
கொடுக்கப்பட்ட ஒயிட் போர்டு பஸ்
எப்போது பெண் பயணி பூந்தமல்லியில் ஏறுகிறார்
அப்பொழுது டிக்கெட் விலை 0 ரூபாய்

'காட்சி' என்ற தலைப்பு வரி நீங்கலாக, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சிறு நிரல் இருக்கும். வரியிலுள்ள சொற்களை வைத்து அதைத் தேடியெடுத்து ஓட்டுவது குக்கும்பரின் வேலை. கடைசி வரிக்கான நிரல் அந்த 0வைப் பிடித்து, மெஷின் சொல்லும் விலையோடு ஒப்பிடும். நிரல் எழுதப்படாத வரி வந்தால், இப்படி எழுது என்று மாதிரியையும் காட்டும்.

இதை ஒரு கண்டக்டரிடம் படித்துக் காட்டிப் பாருங்கள். "டீலக்ஸ் பஸ்ஸுன்னா? திருநங்கை ஏறினா? மாற்றுத்திறனாளிகூட வர்றவருக்கு?" என்று கேள்விகள் வரும். ஒவ்வொன்றும் இன்னொரு காட்சி. (திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளியுடன் வருபவருக்கும் சலுகை 2021இலேயே வந்தது.) இந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நம் கம்பெனிகளிலோ எல்லாம் கட்டி முடித்த பிறகு, டெஸ்டர் தனியாக உட்கார்ந்து 'இந்தப் பட்டனை அழுத்து, அந்தக் கட்டத்தில் டைப் செய்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் குவிக்கிறார். எந்தக் கண்டக்டர் அதைப் படிப்பார்?

தமிழிலேயே எழுதலாமே! மேலே 'காட்சி', 'எப்போது' என்றதெல்லாம் என் கைச்சரக்கு அல்ல. குக்கும்பர் அறிந்த 70க்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் உண்டு. கோப்பின் முதல் வரியில் தமிழுக்கான மொழிக் குறியீட்டைப் போட்டால் போதும், இந்தச் சொற்களை அப்படியே ஏற்கும்.

ஒரு சிக்கல். குக்கும்பர் வரியின் தொடக்கத்தில்தான் 'எப்போது' போன்ற குறிச்சொல்லைத் தேடும். நமக்கோ நிபந்தனை வினையின் வாலில் வரும்: ஏறினால், கேட்டால். அதனால்தான் மேலேயுள்ள தமிழ் நொண்டுகிறது. வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 'காட்சி' தவிர, மேலேயுள்ள எந்தக் குறிச்சொல்லுக்குப் பதிலாகவும் ஒரு நட்சத்திரக் குறி போடலாம்:

* பெண் பயணி பூந்தமல்லியில் ஏறினால்
* டிக்கெட் விலை 0 ரூபாய்

குறிச்சொல்லோ நட்சத்திரமோ, கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலைத் தேடும்போது அது குறிச்சொல்லைப் பார்ப்பதே இல்லை.